கூரையில் சோலார், கம்பத்தில் ஃபைபர்: மானியத்தில் வந்த இரண்டும் எப்படி இருக்கின்றன?

எங்கள் வீடு பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார், வீட்டுக் கூரை சோலாருக்கு மானியம் தரும் பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் போட்டது. வாசலில் கரண்ட் கம்பத்திலிருந்து இறங்கும் இணைய ஃபைபர், பாரத்நெட் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் ஊராட்சி வரை வந்த கேபிளிலிருந்து உள்ளூர் கேபிள்காரர் இழுத்துக் கொடுத்தது. சித்திரை வெயில், ஐப்பசி மழை இரண்டையும் இவற்றோடு பார்த்தாயிற்று. யூடியூபில் "பில் ஜீரோ" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் மாட்டிய மறுவாரமே பேசுகிறவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பணம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கியது 75,021 கோடி ரூபாய். இலக்கு ஒரு கோடி வீடுகள். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 ரூபாய். 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் தயாரானதாக இருந்தால்தான் மானியம். அந்தப் பேனல் கொஞ்சம் விலை கூடுதல் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2 லட்சம் ஆனது.

பலர் தடுமாறும் இடம், மானியம் எப்போது வரும் என்பது. பேனல் மாட்டி, நெட் மீட்டர் (லைனுக்குக் கொடுப்பதையும் லைனிலிருந்து எடுப்பதையும் கணக்கிடும் மீட்டர்) வைத்து, ஆய்வு முடிந்து, திட்டத்தின் இணையதளத்தில் எல்லாம் ஏறிய பிறகுதான் நம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுப் பணமும் நம் கையிலிருந்தோ கடனாகவோ போக வேண்டும். 3 கிலோவாட் வரைக்கும் வங்கிகள் ஈடு கேட்காமல் 2 லட்சம் வரை கடன் தருகின்றன. நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். எங்களுக்கு மாட்டிய விற்பனையாளர் (பெயர் வேண்டாம்) முன்பணம் வாங்கும்போது காட்டிய சுறுசுறுப்பை மீட்டருக்கான காகிதங்களை ஏற்றுவதில் காட்டவில்லை. கடைசித் தவணையை நெட் மீட்டர் ஓடத் தொடங்கிய பிறகே கொடுப்பேன் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

நல்ல வெயில் நாளில் 12 யூனிட் பக்கம் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டால் அதில் பாதிகூட வராத நாட்கள் உண்டு. பங்குனியில் எங்கள் தெருப் புழுதி படிந்தால் வித்தியாசம் போனில் உள்ள சோலார் ஆப்பிலேயே தெரியும். விடிகாலையில் தண்ணீர் அடித்துத் துடைத்தால் போதும். பகலில் மிஞ்சுவது லைனுக்குப் போய், இரவில் நாம் எடுப்பதோடு கழிகிறது.

லாபமா என்று கேட்டால், வீட்டைப் பொறுத்தது. எங்களுடையது கூட்டுக்குடும்பம். ஒரு ஏசி, போர் மோட்டார், இரண்டு பிரிட்ஜ். கோடையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டை எப்போதும் தாண்டுவோம். தமிழ்நாட்டில் அந்த 500தான் கோடு. அதற்குள் இருந்தால் சலுகை விலை, தாண்டினால் கீழ்ப்படிகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறிவிடும். சோலார் எங்களை அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிறுத்தியிருக்கிறது, அதனால் பில்லில் விழுந்த குறைவு பெரிது.

பக்கத்துத் தெருவில் சித்தப்பா வீட்டுக் கதை வேறு. அவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்தான் ஓடும். அதில் முதல் 100 யூனிட் மாநில அரசின் இலவசம். மிச்ச 80 யூனிட்டுக்காக லட்சக்கணக்கில் கடன் வாங்கினால் வட்டிக்கே காணாது. "நீங்க போட வேணாம் சித்தப்பா" என்றேன். "அப்ப இது ஏசி வச்சிருக்கறவனுக்குக் குடுக்கற காசா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ஓட்டு வீட்டுக்காரர்களில் பலருக்குப் பேனல் தாங்கும் கூரையே இல்லை. மின் இணைப்பு இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும் வீடுகளும் ஊரில் ஏராளம். பெயர் மாற்றாமல் விண்ணப்பமே நகராது. மானியத்தின் பெரும்பங்கு எங்களைப் போன்ற மாடி வீடுகளுக்கே போய்ச் சேரும் என்பதைப் பயன்பெற்றவனாகவே சொல்கிறேன்.

இன்னொரு ஏமாற்றம்: கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். உச்சி வெயிலில் பேனல் பளபளவென்று இருக்க, கீழே மின்விசிறி சுற்றாது. லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது நம் வீட்டுக் கரண்ட் லைனில் போய் அவரைத் தாக்கக் கூடாது என்பதற்காக சோலார் இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) தானாக நின்றுகொள்கிறது. நியாயமான ஏற்பாடுதான், ஆனால் வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. பேட்டரி வேண்டுமென்றால் தனிச் செலவு. அதற்குக் கூடுதல் மானியம் கிடையாது.

இனி ஃபைபர். ஊராட்சிகளுக்கு ஃபைபர் என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2011 அக்டோபரில். பாரத்நெட் என்ற பெயர் பிறகு வந்தது. பணம் வருவது நாம் கட்டும் போன் கட்டணத்திலிருந்துதான்: தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தைக் கிராமச் சேவைக்கான நிதிக்குக் கட்டுகின்றன. அந்த நிதிக்கு இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். தமிழ்நாட்டில் இரண்டாம் கட்டம் 12,525 ஊராட்சிகளுக்கு, 1,815 கோடி ரூபாயில். ஒவ்வோர் ஊராட்சிக்கும் 1 ஜிபிபிஎஸ் இணைய வேகம். கேபிளில் 85 சதவீதம் கம்பங்களின் மேல் போகிறது, மண்ணுக்கடியில் 15 சதவீதம்தான்.

அந்த 85 சதவீதம்தான் எங்கள் அன்றாடம். மேலே போனதால் சீக்கிரம் வந்தது, செலவும் குறைவு. அதே காரணத்தால் அடிக்கடி அறுகிறது. அறுவடைக் காலத்தில் வைக்கோல் லோடு ஏற்றிய டிராக்டர் ஒன்று போதும். வீட்டுக்குள் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால், எங்கோ கேபிள் தொங்குகிறது என்று வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். கேபிள்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் ஃபைபர் ஒட்டும் மெஷின் அவரிடம் சொந்தமாக இல்லை. பக்கத்து ஊர் ஆளிடமிருந்து வந்தால்தான் வேலை நடக்கும். காலையில் அறுந்தது மாலையில் சரியான நாளும் உண்டு, இரண்டு மூன்று நாள் போனதும் உண்டு.

ஓடும்போது குறையே இல்லை. மொபைல் டவரை நம்பி மாடிப்படியில் நின்ற காலம் போய்விட்டது. தம்பி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான்.

கரண்ட் போனால் ரவுட்டரும் போகும் என்று சின்ன 12 வோல்ட் பேக்கப் ஒன்று வாங்கி ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் மாட்டினோம். பாதிப் பலன்தான். ஊராட்சிக் கட்டடத்தில் ஃபைபர் கருவிகள் இருக்கும் ரேக்குக்கும் பேட்டரி உண்டு. நீண்ட மின்தடையில் அது தீர்ந்தால் எங்கள் பேக்கப்பால் ஒன்றும் ஆகாது. கேபிள் தொங்குவது கரண்ட் கம்பத்தில், ரேக் ஓடுவதும் கரண்டில். இணையத்துக்கு ஒரு நிதி, சோலாருக்கு வேறு நிதி, கம்பத்துக்கு இன்னொன்று. அந்த ரேக் இருக்கும் கட்டடத்தின் கூரையில் இரண்டு பேனலும் ஒரு நல்ல பேட்டரியும் வைக்க எந்தக் கணக்கில் எழுதுவது என்று கிராமசபையில் கேட்டேன். ஊராட்சிப் பொதுநிதியில் பார்க்கலாம் என்றார்கள். தீர்மானத்தில் ஏறியிருக்கிறது.

போடப்போகிறவர்கள் முதலில் கடந்த ஒரு வருட மின்பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லா பில்லும் 200 யூனிட்டுக்குள் இருந்தால் சோலாரை விடுங்கள். ஃபைபருக்கு, மாத வாடகையைக் கேட்பதற்கு முன்னால் அறுந்தால் ஒட்டும் மெஷின் எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள்.