விறாந்தையில ஒரு மியூசியம்

போன சனி பிள்ளைகளோட திருகோணமலையில ஒரு குட்டி மியூசியத்துக்குப் போனனாங்கள், ரெண்டு அறையும் ஒரு விறாந்தையும்தான். தொடங்கின கதையை அங்க நிண்ட பென்ஷன் வாத்தியார் ஐயா சொன்னார், 2004 சுனாமியில கன வீட்டுப் பழைய படங்கள், காணி உறுதியள் எல்லாம் அள்ளுப்பட்டுப் போக, மிஞ்சினதையாவது காப்பாத்துவமெண்டு அயல்சனம் ஆளுக்கொண்டு கொண்டந்து வச்சதாம், இப்பவும் சம்பளத்துக்கு ஒருத்தருமில்லை, முறைபோட்டு வந்து இருக்கினம். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் துறைமுகத்திலயும் சீனக்குடா விமானத் தளத்திலயும் குண்டு போட்டதுக்கு ஒரு மூலை ஒதுக்கியிருக்கினம், என்ர மகன் அதைவிட்டு அசையேல்லை! எழுத்துத்தான் சரியான சின்னன், ஃபேனும் ஒண்டுதான், வேர்த்துக் கொட்டிச்சு. டிக்கெட் இல்லை, வாசல்ல உண்டியல் கிடக்கு. பின்னேரம் பூட்டிடுவினம், காலமை போங்கோ.