டார்மில் மேல் படுக்கையா, கீழ் படுக்கையா?

டார்மில், அதாவது பலர் சேர்ந்து தங்கும் விடுதி அறையில், அடுக்குக் கட்டிலில் இடம் பிடிக்கும்போது நம் தூக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. கட்டில் இரண்டு பேருக்குப் பொது. ஒருவர் அசைந்தால் மற்றவருக்கும் ஆடும்.

விடியற்காலையில் கிளம்புபவருக்கும், ராத்திரியில் கழிப்பறைக்கு எழுபவருக்கும் கீழ் படுக்கைதான் சரி. மேலிருந்து ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஏணி கிரீச்சிடும், கீழே இருப்பவர் விழித்துக்கொள்வார். இரும்புக் கட்டில் என்றால் இன்னும் மோசம்: போல்ட் தளர்ந்திருந்தால் புரண்டு படுத்தாலே சத்தம் வரும். படுக்கை விரிக்கும் முன்பே சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வரவேற்பறையில் உடனே சொல்லிவிடுங்கள். நள்ளிரவில் சொல்லிப் பயனில்லை.

கீழே படுப்பவர் ஏணிப் படியில் ஈரத் துண்டு போடவே கூடாது. இருட்டில் இறங்குபவருக்குக் கால் வழுக்கும். பையையும் செருப்பையும் ஏணியடியில் விடாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

தாமதமாக எழுபவருக்கு மேல் படுக்கை நல்லது. யாரும் வந்து ஓரத்தில் உட்கார மாட்டார்கள். ஆனால் அங்கிருந்து செல்போன் வெளிச்சம் அறை முழுக்கப் பரவும். திரையை மங்கலாக்கி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். தண்ணீர், சார்ஜர், காதடைப்பான் எல்லாவற்றையும் ஒரே தடவையில் துணிப்பையில் போட்டு மேலே கொண்டுபோய்விடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், அதன் சலசலப்பு தூங்குபவரை எழுப்பிவிடும். அலாரத்தை வைப்ரேஷனில் வைத்துத் தலையணைக்கு அடியில் வையுங்கள். கட்டில் சட்டத்தில் வைத்தால் அதிர்வு கீழே வரை போகும்.