இடம்பெயர்ந்தோம் என்றால், யாரால்? – ஒன்லைன் எழுத்துப் பாடநெறி, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு

2024 ஓகஸ்ட் கடைசியில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் முதலாம் வருட ஆங்கில எழுத்துப் பாடநெறியில் ஒன்லைனில் சேர்ந்தேன். 16 கிழமை, 3 கிரெடிட். காசு கட்டியது ரொறொன்ரோச் சித்தி. படித்தது கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனில், வீட்டு விறாந்தையில். சிக்னல் ஒழுங்காக வருவது அங்கேதான். முடித்த கையோடு எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன், இல்லாவிட்டால் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது இரண்டும் ஆறிவிட்டது.

முதலில் நேரக் கணக்கு. நேரலை வகுப்பு கிடையாது. வாசிப்பு, 250 சொல்லில் ஒரு கலந்துரையாடல் பதிவு, சக மாணவர் இரண்டு பேருக்குப் பதில், ஞாயிறு இரவு 11.59க்குள் ஒப்படை. அந்த 11.59 அவர்களுடைய கிழக்குக் கரை நேரம். எங்களுக்குத் திங்கள் காலை 9.29. வேலைக்குப் போகிற எனக்கு இது பெரிய இடைஞ்சல். பாதி ஒப்படைகள் கிளிநொச்சி பஸ்ஸுக்குள் இருந்து போனில் அனுப்பியவை. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்ப, கெடு 10.29 ஆனது. ஜனவரித் தவணையில் சேருகிறவர்கள் கவனம்: மார்ச்சில் அந்த ஒரு மணித்தியாலத்தைத் திருப்பிப் பறித்துக்கொள்வார்கள்.

நவம்பர் கடைசியில் உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்த வைத்த மழை. இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஏ9 வீதியில் ஜெனரேட்டர் ஓடிய பேக்கரி ஒன்றில் போனைச் சார்ஜ் பண்ணி, பணிஸ் ஒன்று வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, பாடம் எடுத்த மிஸ்ஸுக்கு நாலு வரி மெயில் போட்டேன். மூன்று நாள் தந்தார், ஒரு கேள்வி கேட்கவில்லை. இங்கே என்றால் கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்லியிருப்பார்கள். (பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்றுதான் அவர் முதல் நாளே எழுதியிருந்தார். எனக்குக் கடைசிவரை வரவில்லை.)

முதல் கட்டுரை, நீங்கள் எழுத வாசிக்கக் கற்ற கதை. 2009இல் எனக்குப் பதினொரு வயது. செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில், தறப்பாள் கொட்டகைக்குள் கொப்பி இல்லாமல் படித்ததைத்தான் எழுதினேன். அதற்கு முந்தியதைச் சொல்ல ஒரு வசனம்: நாங்கள் ஏழு தரம் இடம்பெயர்ந்தோம். ஆங்கிலத்தில் அது செயப்பாட்டு வினையாகத்தான் வந்தது. மிஸ் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி போட்டிருந்தார்: யாரால்?

இலக்கணத்துக்காகக் கேட்டதுதான். செயப்பாட்டு வினையில் செய்தவர் ஒளிந்துகொள்வார், அவரைக் கண்டுபிடி என்பது அந்தக் கிழமைப் பாடம். ஆனால் எனக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. தமிழில் இடம்பெயர்ந்தோம் என்றால் நாங்களாகவே எழும்பி நடந்த மாதிரி இருக்கிறது. எங்களை இடம்பெயர்த்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. யாரால் என்பதற்கு விடை தெரியாமல் இல்லை. எழுதத்தான் கை வரவில்லை. கடைசியில் அந்த வசனத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தரமும் அப்பா கூரைத் தகரங்களைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியதை எழுதினேன். முதல் தரம் பதின்மூன்று தகரம். ஐந்தாம் தரம் ஆறு. ஏழாம் தரம் பெட்டியும் இல்லை, தகரமும் இல்லை, என் புத்தகப் பை மட்டும். "நான் கேட்டதற்கு இது பதில் இல்லை, ஆனால் இதை வெட்டாதீர்கள்" என்று திருப்பி அனுப்பினார்.

சக மாணவர் திருத்தம் என்று ஒன்று உண்டு. பாதிப் பேர் 'அருமை, தொடருங்கள்' ரகம். அதற்கும் புள்ளி கிடைக்கும் என்பதுதான் கொடுமை. ஆனால் இரவு வேலை செய்கிற தாதி ஒருவர், ஏன் கூரையைக் கொண்டு போனீர்கள் என்று கேட்டார். எங்களுக்குள் யாரும் கேட்டிராத கேள்வி. விளக்க ஒரு முழுப் பந்தி தேவைப்பட்டது.

மூன்றாவது, வாதக் கட்டுரை. இங்கேதான் பள்ளிக்கூடத்தில் பழகிய முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் கைவிட்டது. ரியூசனில் பாடமாக்கிய கட்டுரையில் நமக்கென்று ஒரு நிலைப்பாடு தேவையே இல்லை. இங்கே முதல் பந்தியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும், பிறகு எதிர்த்தரப்பை அதன் பலமான இடத்திலேயே சந்திக்க வேண்டும். நான் எடுத்தது கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் தொடங்கி, கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்து, கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையமாக 2024 ஓகஸ்டில் திறந்தார்களே, அதேதான். அப்பா இரணைமடுவுக்குக் கீழே வயல் செய்கிறவர், சிறுபோகத்துக்குத் தண்ணீர் பங்குபோடும் கூட்டம் ஒன்றையும் தவறவிடாதவர். யாழ்ப்பாணக் கிணறுகளில் உப்பும் நைத்திரேற்றும் ஏறுவதை அவருக்கு முன்னால் வாசித்துக் காட்டினேன்.

"நீ ஆரின்ரை பக்கம் பிள்ளை?"

"உங்கடை பக்கம்தான் அப்பா. ஆனா அவையின்ரை நியாயத்தையும் எழுதாட்டி மார்க்ஸ் இல்லை."

"மார்க்ஸுக்காக எழுதுறியோ?" என்றுவிட்டு மண்வெட்டியோடு போய்விட்டார். பின்னேரம் வந்து, குளம் நிரம்பி வான் பாய்கிற வருடத்தில் மட்டும் கொடுக்கலாம் என்று தானாகவே ஒன்று சொன்னார். அதையும் சேர்த்தேன்.

மேற்கோளுக்குக் கல்லூரி நூலகத் தரவுத்தளங்கள் திறந்துவிடப்பட்டன. எங்கள் பிரதேசமான வன்னியைத் தேடினால் வந்தது பெரும்பாலும் யுத்தம்தான், வாய்க்கால் இல்லை. ஈழத்துப் பழைய நூல்களைச் சேர்த்து வைக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் கிடைத்த தமிழ்ப் பழைய இதழ்கள் கைகொடுத்தன. தமிழ் மூலத்தைக் காட்டலாம், மொழிபெயர்ப்பு என்னுடையது என்று குறிப்பிட்டால் சரி. இதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஒரே மனக்கசப்பு அதே கட்டுரையில். ஏதோ ஒரு கண்டறியும் கருவி, இதைச் செயற்கை நுண்ணறிவு எழுதியதென்று சிவப்புக் காட்டியது. பரந்தனில் மூன்று கிழமை முதுகு நோக எழுதியதை! 2023இல் ஸ்ரான்போர்ட் ஆய்வாளர்கள் இப்படியான 7 கருவிகளைச் சோதித்து, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் பிழையாகப் பிடிபடுவதைக் காட்டியிருந்தார்கள். அதைச் சொல்லி வாதாடியிருக்கலாம். என்னைக் காப்பாற்றியது கூகிள் டொக்ஸின் பழைய பதிப்புகள்: எந்த இரவு எந்தச் சொல்லை அழித்தேன் என்று எல்லாம் இருந்தது. ஆகவே வேர்ட்டில் எழுதிக் கடைசியில் ஒட்டாதீர்கள்.

யாருக்கு உதவும்? ஆங்கிலம் பேசப் பழக வேண்டுமென்றால் இது வேண்டாம், ஒரு சொல்கூடப் பேச வேண்டி வராது. காசில்லாதவர்கள் எட்எக்ஸ் போன்ற ஒன்லைன் பாடத் தளங்களில் இதே வகைப் பாடங்கள் சிலவற்றைப் பார்க்கலாம். ஆனால் ஓரத்தில் யாரால் என்று கேட்க அங்கே ஆள் இருக்காது.

என் வேலை கிளிநொச்சி அலுவலகம் ஒன்றில் கள அறிக்கை எழுதுவது. போன மாதம் 'வாய்க்கால் சேதமடைந்திருப்பது அவதானிக்கப்பட்டது' என்ற வழக்கமான வசனத்தை விட்டு, எந்த ஒப்பந்தகாரரின் வாகனம் அணைக்கட்டின் மேல் ஏறியது, அதை நான் எந்த நாள் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு அவதானிக்கப்பட்டது என்று மாற்றித்தான் கையெழுத்து வைத்தார். என் பிரதி என் கோப்பில் இருக்கிறது.