சுழல் கேள்வியா, அளவுகோலா? குழந்தைப் பாதுகாப்புப் பணியில் எது எப்போது

இத்தாலியின் மிலான் நகரச் சிகிச்சையாளர்கள் குழுவின் குடும்ப சிகிச்சை முறை ஒரு பக்கம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1990களில் டர்னெலும் எட்வர்ட்ஸும் உருவாக்கிய குழந்தைப் பாதுகாப்பு முறையான 'பாதுகாப்பின் அடையாளங்கள்' (Signs of Safety) மறுபக்கம். இரண்டும் குடும்பத்தோடுதான் பேசுகின்றன, தேடுவது வேறு.

மிலான் முறையில் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்கிறோம்; இதுதான் சுழல் கேள்வி. "அப்பா சத்தம் போட்டா முதல்ல யாரு எழுந்து போவாங்க? அப்ப தம்பி என்ன பண்ணுவான்? அதைப் பார்த்து அம்மா?" ஏன் அடித்தீர்கள் என்றால் சாக்குதான் வரும்; இப்படிக் கேட்டால் சண்டை நகரும் வரிசை தெரியும். போகும் முன்பே மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் போட்டு, என்ன நடக்கிறது என்ற நம் ஊகத்தை, அதாவது கருதுகோளை, எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் அதையே நிரூபிக்கக் கிளம்பிவிடுவோம். அதற்கு எதிரான இன்னொன்றும் தாளில் இருக்கட்டும்.

இந்த முறை சறுக்குவது நடுநிலையில், அதாவது யார் பக்கமும் சாயாமல் நிற்பதில். 1980இல் மிலான் குழு வலியுறுத்திய அந்தக் கொள்கையை, குழுவில் ஒருவரான செக்கின் 1987இல் 'அறியும் ஆவல்' என்று திருத்தினார். குழந்தையைப் பிரிக்கும் சட்டப் பாதைக்கு வழி திறக்கக்கூடியவர் நடுநிலை என்று சொன்னால் எந்தக் குடும்பம் நம்பும்? சண்டை சுழலாக இருக்கலாம், அடி ஒருவர் கையிலிருந்துதான் விழுகிறது. அந்த ஆள் உட்கார்ந்திருக்கும் அறையில் குழந்தையிடம் சுழல் கேள்வி கேட்டால், பதிலுக்கான விலையை நாம் போன பிறகு குழந்தை கொடுக்கும். வன்முறைச் சந்தேகம் இருந்தால் முதலில் தனித்தனிச் சந்திப்பு.

'பாதுகாப்பின் அடையாளங்கள்' முறையில் ஒரு தாள், மூன்று கட்டங்கள்: கவலை, நன்றாக நடப்பது, இனி நடக்க வேண்டியது. கூடவே 0 முதல் 10 வரை அளவுகோல். 0 என்றால் குழந்தைக்கு மீண்டும் தீங்கு நேருவது உறுதி. 10 என்றால் கேஸை மூடலாம். அம்மா 7 என்கிறார், ஆசிரியர் 3 என்கிறார்; பேச்சு அங்கே தொடங்க வேண்டும். எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்புவது வீண். இன்னொரு பிழை, நல்ல குணத்தைப் பாதுகாப்பாக எண்ணுவது. குடிக்காத நாளில் அப்பா பாசமாக இருப்பது நல்ல விஷயம், அவ்வளவே. குடித்த நாளில் பாட்டி குழந்தையைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாரே, அதுதான் பாதுகாப்பு.

புதிய, அவசரத் தகவலுக்கு அளவுகோலே என் தேர்வு. மூடிய கேஸ் திரும்பத் திரும்ப வந்தால் சுழல் கேள்விகள். கைக்குழந்தையின் உடலில் காரணம் புரியாத காயம் என்றால் இரண்டும் வேண்டாம், மருத்துவப் பரிசோதனை முதலில்.

எந்த முறையானாலும் அறிக்கையில் 'குடும்பத்தில் மோதல்' என்று எழுதாதீர்கள். யார், யாரை, எதைக் கொண்டு அடித்தார் என்று எழுதுங்கள்.