இறுகிப்போன காலிப்பர்: எண்ணெயா, சூடா, பிரேக் பெடலா?

டிஸ்க் பிரேக்கில் தேய்ந்த பேடை மட்டும் மாற்றிவிடலாம் என்று சக்கரத்தைக் கழற்றினால், பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் இடுக்கியான காலிப்பர் அசைய மறுக்கிறது. உள்பக்கப் பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்து கிடக்கிறது. வெளிப்பக்கத்தில் பாதி அப்படியே இருக்கிறது. இப்போது ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எண்ணெய் விடு, சூடு காட்டு, சுத்தியலால் தட்டு, காற்று அடி. எல்லாமே எங்கோ ஓரிடத்தில் பலிப்பவைதான். இடம் மாறினால் காலிப்பரும் கெடும், விரலும் போகும்.

எதில் கை வைப்பதற்கும் முன்னால் ஒரு சோதனை. சக்கரம் சுழலாமல் பிடித்திருக்கும்போதே காலிப்பரிலிருந்து காற்றை வெளியேற்றும் திருகான பிளீடர் ஸ்குரூவைச் சற்றுத் திறந்து பாருங்கள். பிரேக் திரவம் பீறிட்டு வந்து சக்கரம் உடனே விடுபட்டால், பேடைத் தள்ளும் உருளையான பிஸ்டன் மேல் குற்றமில்லை. காலிப்பருக்குத் திரவம் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி, போன திரவத்தைத் திரும்பிவர விடாமல் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒருமுறை காலிப்பரை முழுக்கப் பிரித்து, சீல் மாற்றி, மறுபடி பூட்டினேன். பத்து நாளில் அதே சக்கரம் மறுபடி சூடேறியது. கோளாறு ஹோஸில் இருந்தது.

பிளீடரைத் திறந்தும் விடுபடவில்லை என்றால் ஸ்லைடு பின் (காலிப்பர் வழுக்கி நகரும் தண்டு), பிஸ்டன் இரண்டில் ஒன்று. பெரும்பாலும் பின்தான், வீட்டில் வேலை செய்பவர்கள் அதிகம் தவறு செய்வதும் அங்கேதான். காலிப்பருக்கும் அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் பெரிய திருப்புளியைக் கொடுத்து நெம்புவார்கள். பின் வராது, ரப்பர் உறை கிழியும், சிலசமயம் பின்னும் வளையும். நெம்புவதற்கும் திருகுவதற்கும் இடையே போட்டி வைத்தால் என் ஓட்டு எப்போதும் திருகுவதற்கே. பின்னின் தலையில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான பக்கங்கள் இருக்கும். அதைப் பிடித்து வலப்பக்கம் ஓர் இழை, இடப்பக்கம் ஓர் இழை. முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு “கிரீச்” என்று ஒரு சத்தம் வரும். உறையின் விளிம்பில் செம்பழுப்புத் தூள் மெல்ல உதிரும். அந்தத் தூளைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது என்று பொருள். அவசரப்படாமல் சுழற்சியை அகலமாக்கிக்கொண்டே போய், முழு வட்டம் வந்த பிறகு சுழற்றியபடியே வெளியே இழுக்க வேண்டும்.

துரு இளக்கும் எண்ணெய் இதற்குத் துணைதான், மாற்று இல்லை. இரவு முழுவதும் ஊறவிட்டாலும் பின் குழிக்குள் அது இறங்குவது கொஞ்சமே. திருகத் தொடங்கிய பிறகுதான் உள்ளே இழுபடுகிறது. அதில் ஒரு தொல்லையும் உண்டு. பிரேக்கில் இருக்கும் ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். ஆகவே பின் வெளியே வந்ததும் குழியைச் சொட்டு எண்ணெய் இல்லாமல் கழுவி, உறையைப் புதிதாக மாற்றி, பிரேக்குக்கென்று உள்ள சிலிகோன் கிரீஸைத்தான் பூச வேண்டும். சில காலிப்பர்களில் ஒரு பின்னுக்கு மட்டும் ரப்பர் புஷ் (சிறு உறைக்குழாய்) இருக்கும். யாரோ சாதாரண கிரீஸைப் பூசியதால் அந்தப் புஷ் ஊதி, அதனாலேயே பின் இறுகியிருப்பதும் உண்டு. அங்கே துருவே இருக்காது. எண்ணெய் விடுவது எரிகிற தீயில் எண்ணெய் விடுவதுதான்.

சூடு காட்டுவது எண்ணெயைவிடப் பலமான வழி. பிராக்கெட்டை வண்டியிலிருந்து கழற்றி, ரப்பரையெல்லாம் நீக்கி, வைஸில் பிடித்த பிறகு மட்டுமே அதற்கு இடம். பின்னைச் சூடாக்காமல் அதைச் சுற்றியுள்ள பிராக்கெட் காதைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கினால் துருவின் பிடி உடையும். குழியின் மறுமுனை மூடியிருப்பதால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து பின்னை வெளியே எறியலாம்; அதற்கு நேர் எதிரே நிற்காதீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் நெருப்பைக் காட்டவே கூடாது. பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். திரவம் உள்ள காலிப்பர் உடலுக்குச் சூடு அறவே வேண்டாம்.

பிஸ்டன் இறுகியிருந்தால் கணக்கே வேறு. பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரமும், கிழிந்த உறை வழியே புகும் தண்ணீரும் துருவாகின்றன. இங்கே பலரும் கம்ப்ரசர் காற்றைத் தேடிப் போகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பதறுகிறது. 54 மில்லிமீட்டர் பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 23 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ காற்றழுத்தம் கொடுத்தால் 160 கிலோ விசை. காற்று சுருங்கி விரியும் பொருள் என்பதால் பிஸ்டன் பிடிவிட்ட கணத்தில் அத்தனையும் ஒரே பாய்ச்சலாக வெளிவரும். நடுவில் விரல் இருந்தால் நசுங்கும்.

பிரேக் பெடல் அதைவிடப் பலசாலி, சாதுவும்கூட. ஹோஸைக் கழற்றாமல் காலிப்பரை மட்டும் எடுத்து, கம்பியில் தொங்கவிட்டு, பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரக்கட்டையை வைத்து, இன்னொருவரைப் பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். திரவம் சுருங்காது, மிதித்த அளவுக்கு மட்டுமே பிஸ்டன் நகரும், பாயாது. பெடலைத் தரைவரை அழுத்த வேண்டாம். பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் பழையதாக இருந்தால் அதன் சீல்கள் அதில் கெடக்கூடும். காலிப்பரை ஏற்கனவே கழற்றிவிட்டவர்களுக்கு கிரீஸ் கன் இருக்கிறது. பல காலிப்பர்களில் பிளீடர் துளையின் மரைக்கு கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் கன்னைப் பொருத்தும் முனை) பொருந்தும். ஹோஸ் துளையை அடைத்துவிட்டு அடித்தால் எப்பேர்ப்பட்ட பிஸ்டனும் வந்துவிடும். பிறகு உள்ளே ஒட்டிய கிரீஸை மூலைமுடுக்கு விடாமல் கழுவி, சீல்களை மாற்ற வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர் இதைத் தொட வேண்டாம்.

பின்சக்கரக் காலிப்பரில் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்திருந்தால் பிஸ்டனைச் சுழற்றித்தான் உள்ளே அனுப்ப முடியும் என்ற வகைகள் உண்டு. அதை “இறுகிவிட்டது” என்று நினைத்து கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே உள்ள மரை போய்விடும்.

பிளீடர் ஸ்குரூ உள்ளே குழாய்போல இருப்பதால் எளிதில் முறியும். ஆறு பக்க சாக்கெட், முதலில் இறுக்கும் திசையில் ஒரு சிறு அசைவு, பிறகு தளர்த்தல், அவ்வளவே.

வெளியே வந்த பிஸ்டனில் சீல் உரசும் பகுதியில் நகத்துக்குத் தட்டுப்படும் குழிகள் இருந்தால் உப்புத்தாளை எடுக்காதீர்கள். மேல்பூச்சு போன இடம் மறுபடி துருவேறும், சீலும் கசியும். புதுக் காலிப்பர்தான், அதே அச்சின் மறுபக்கமும் அதே வயதுடையது என்பதால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே என் வழக்கம். பூட்டி முடித்து, காற்று வெளியேற்றி, வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதித்துப் பாருங்கள்.