40 ஆம்ப் பிளாஸ்மா கட்டர்: கோடு போட்ட இடத்துலயே வெட்டுதா?

எட்டு மாசமா வீட்டுப் பட்டறையில ஒரு 40 ஆம்ப் இன்வெர்ட்டர் பிளாஸ்மா கட்டர் வச்சு வேலை பாத்துட்டு இருக்கேன், அதாவது கம்ப்ரசர் காத்தும் கரண்ட் ஆர்க்கும் சேர்ந்து இரும்ப உருக்கி வெட்டுற மெஷின், கையில புடிச்சு வெட்டுற டைப், பைலட் ஆர்க் உள்ளது. அஞ்சுக்கு மூணரை ஸ்டார். பிராண்ட் பேரு சொல்லல, ஏன்னா நான் திட்டப்போறதுல பாதி மெஷினோட தப்பே இல்ல, என் தப்பு, மீதி பாதி இந்த சைஸ்ல வர்ற முக்காவாசி மெஷினுக்கும் பொருந்தும்.

நல்லத முதல்ல சொல்லிடறேன். பைலட் ஆர்க் பிரமாதம். ட்ரிக்கர அமுக்கினா தகட்ட தொடாமலே ஆர்க் வந்துடுது, பெயிண்ட் அடிச்ச பழைய இரும்போ துருப்புடிச்ச ஆங்கிளோ சொரண்டிட்டு உக்கார வேண்டியதில்ல, எர்த் கிளாம்ப் (கரண்ட் திரும்பிப் போற கிடுக்கி) புடிக்கிற இடத்த மட்டும் பளிச்சுனு தேச்சா போதும். பெட்டி மேல 12 எம்எம் வெட்டும்னு போட்டிருக்கான். துண்டாகும் அவ்ளோதான், அத வெட்டுன்னு சொல்ல மனசு வரல. 6 எம்எம் வரைக்கும் சுத்தமா போகுது, 8 பரவால்ல, 10-க்கு மேல ஆமை வேகம், அடியில பிசிறு கட்டி கட்டியா தொங்குது. அளவு முக்கியம்னா பெட்டியில இருக்கற நம்பர பாதியாக்கிக்கோங்க.

இப்ப அளவு விஷயம். முதல் வாரம் ஒரு ஸ்டாண்டுக்கு 6 எம்எம் பிளேட்ல முக்கோண கசட் (மூலைக்கு முட்டு குடுக்கற தகடு) எட்டு வெட்டினேன். ஸ்கிரைபர்ல கோடு போட்டு, நேர் பட்டைய சி கிளாம்ப்ல கட்டி, அதுமேல டார்ச்ச, அதாவது ஆர்க் வர்ற கைப்பிடிய, சாச்சு நிதானமா இழுத்தேன், மேல பாக்க ரம்பத்துல அறுத்த மாதிரி அழகா இருந்துச்சு. எட்டையும் ஒன்னு மேல ஒன்னு அடுக்கி மூலைமட்டம் வச்சா ஒரு பக்கம் படிக்கட்டு மாதிரி நிக்குது, ஒவ்வொரு துண்டுலயும் மேலுக்கும் அடிக்கும் முக்கால் எம்எம் வித்தியாசம். கை ஆடிடுச்சுன்னு நெனச்சு இன்னும் நாலு வெட்டினேன், அதே கதை. அப்புறம் தான் கழிவுத் துண்டு ஒன்ன எடுத்துப் பாத்தேன், அது விளிம்பு நேரா இருக்கு! நல்ல வெட்டு குப்பைக்கு போயிட்டு இருந்திருக்கு, கோணல் வெட்ட நான் வேலைக்கு எடுத்துட்டு இருந்திருக்கேன்.

காரணம் என்னன்னா டார்ச்சுக்குள்ள ஸ்வர்ல் ரிங்னு ஒன்னு இருக்கு, காத்த சுழல விட்டு அனுப்புது, அதனால ஆர்க்கோட சூடு ரெண்டு பக்கமும் சமமா விழாது. பெரும்பாலான டார்ச்சுல நீங்க நகர்ற திசைக்கு வலது பக்கம் நேரா வரும், இடது பக்கம் சரியும். வேணுங்கற துண்டு எப்பவும் வலது பக்கம் இருக்கற மாதிரி திசைய மாத்திக்கணும், அவ்ளோதான். வட்டத் தகடு வேணும்னா கடிகார முள் போற பக்கமா சுத்துங்க, ஓட்டை தான் வேணும்னா எதிர் பக்கமா. இந்த ஒரு வரி மேனுவல்ல இல்ல. பாதுகாப்பு எச்சரிக்கை மட்டும் நாலு பக்கம் இருக்கு, அதுவும் சரிதான் வைங்க, 40 ஆம்ப்புக்கு ஷேட் 5 கண்ணாடி இல்லாம அந்த வெளிச்சத்த பாத்தா ராத்திரி கண்ணுல மண்ணு கொட்டின மாதிரி எரியும்.

அடுத்து ஆஃப்செட். கோட்டு மேலயே பட்டைய வச்சு வெட்டினா துண்டோட அளவு மாறிப் போயிடும், ஏன்னா டார்ச் முனை பட்டையில முட்டும், ஆர்க் முனை நடுவுல இருந்து வரும். என் டார்ச்சுல அந்த தூரம் 11 எம்எம், அதோட ஆர்க் தின்னுற அகலம் ஒன்றரை எம்எம் பக்கம், அதுல பாதி கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம். கணக்குப் போட சோம்பேறித்தனம்னா வேஸ்ட் தகட்டுல ஒரு வெட்டு வெட்டி பட்டைக்கும் விளிம்புக்கும் அளந்து, அதே அகலத்துல ஒரு துண்டு பட்டி செஞ்சு டார்ச்சோட கட்டி வச்சுக்கோங்க. நான் அப்படித்தான் வச்சிருக்கேன், இப்ப அரை எம்எம் குள்ள வருது. கூட குடுத்த ரோலர் கைடு சுத்த வேஸ்ட், சக்கரம் ஆடுது, தூக்கி மூலையில போட்டாச்சு.

வேகத்துக்கு மீட்டர் எல்லாம் வேணாம், அடியில தெறிக்கிற பொறிய பாத்தா போதும். நேர் கீழ இருந்து கொஞ்சம் பின்னாடி சாஞ்சு விழுந்தா சரியான வேகம். பொறி மேல எகிறிச்சுன்னா வெட்டு ஊடுருவல, வேகம் ஜாஸ்தி. பிசிறும் சொல்லிடும், பொதபொதன்னு கட்டியா இருந்து சுத்தியால தட்டினா உதிருதுன்னா ரொம்ப மெதுவா போயிருக்கீங்க, மெல்லிசா நூல் மாதிரி ஒட்டிக்கிட்டு கிரைண்டர் வச்சாதான் போகும்னா ரொம்ப வேகம்.

இனிமே தான் என் பெரிய புலம்பல், காத்து. மூணாவது மாசம் திடீர்னு வெட்டு ரெண்டு பக்கமும் கோணலா வர ஆரம்பிச்சுது, அகலமும் கூடிப்போச்சு. டார்ச் முனையில ஆர்க் வெளிய வர்ற நாஸில கழட்டி வெளிச்சத்துல காட்டினா வட்டமா இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்துல இருக்கு. அதுக்குள்ள ஆர்க் கிளம்புற எலக்ட்ரோடு நடுவுல இருக்கற ஹாஃப்னியம்ங்கற உலோகப் பொட்டு குழியா போயிருக்கு, ஒன்றரை எம்எம் ஆழம் ஆச்சுன்னா மாத்திடணும், இது அதையும் தாண்டியிருந்துச்சு. நாஸில் எலக்ட்ரோடு ரெண்டும் புது செட் போட்டேன், ஒரே மத்தியானத்துல அதுவும் அவுட். கம்ப்ரசர் டேங்க் அடியில வால்வ திறந்தா டீ கலர்ல தண்ணி கொட்டுது பாருங்க, ஒரு சொம்பு இருக்கும். காத்தோட தண்ணி உள்ள போனா எலக்ட்ரோடும் நாஸிலும் அரிச்சுடும், ஆர்க்கும் துடிக்கும். மெஷின் பின்னாடி இருக்கற குட்டி ஃபில்டர் சும்மா பேருக்கு. சிலிக்கா ஜெல் போட்ட ட்ரையர் ஒன்னு தனியா மாட்டினதுக்கு அப்புறம் ஒரு செட்டு மாசக்கணக்குல வருது.

பிரஷரும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது கேஜ் 5 பார் காட்டும், டார்ச்ச அமுக்கினதும் மூணரைக்கு விழும், நாம கேஜ நம்பி ஏமாந்துட்டு இருப்போம். காத்து ஓடிட்டு இருக்கும்போது தான் செட் பண்ணணும். கூட வந்த ரெகுலேட்டர் மரையில ஒழுகுது, முள்ளு ஒட்டிக்குது, ஒரு ஸ்டார் அதுக்குத்தான் கட். இன்னொரு அரை ஸ்டார் எர்த் கிளாம்புக்கு, பேப்பர் கிளிப் கூட இத விட கெட்டியா புடிக்கும்.

நடுவுல ஓட்டை போட ஆரம்பிக்கும்போது டார்ச்ச நேரா புடிக்காதீங்க, உருகின இரும்பு திரும்பி நாஸில் வாயிலயே அடிக்கும். சாச்சு புடிச்சு, பொறி பக்கவாட்டுல போக விட்டு, துளைச்சதும் நிமித்துங்க. போல்ட் ஓட்டைக்கு இத நம்பாதீங்க, 6 எம்எம் பிளேட்ல 10 எம்எம் ஓட்டை கையால வெட்டினா உருளைக்கிழங்கு மாதிரி தான் வரும், ட்ரில் இருக்குல்ல. வெட்டின விளிம்ப அப்படியே வெல்டிங் வைக்கவும் வேணாம், காத்துல இருக்கற நைட்ரஜன் விளிம்புல ஏறி வெல்டிங்ல ப்ளோ ஹோல், அதாவது காத்துக் குழி, விழும், நான் ரெண்டு ஜாயிண்ட்ட அறுத்து திரும்ப வச்சேன். கிரைண்டர்ல ஒரு ஓட்டு ஓட்டிட்டா சரியாயிடுது.

ஸ்பேர் நாஸில் பத்து வாங்கினேன், மெஷின் வித்தவங்க கிட்டயே தான். அதுல மூணுக்கு ஓட்டை நடுவுலயே இல்ல, ஒரு பக்கம் தள்ளியிருக்கு, போன்ல சொன்னா வெட்டும் சார்ங்கறாங்க. வெட்டும், எந்தப் பக்கம் வெட்டும்னு தான் தெரியாது. அந்த மூணையும் துருப்புடிச்ச இரும்ப துண்டு போடறதுக்குன்னு தனியா ஒரு டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்.