ஆளுக்கொரு ஒலிபெருக்கியா, மண்டபத்துக்கு ஒன்றா? பல்கலைக்கழக மடிக்கணினி இசைக்குழு தொடங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

மடிக்கணினிகளையே வாத்தியங்களாக்கிப் பலர் சேர்ந்து வாசிக்கும் மடிக்கணினி இசைக்குழு என்றதும் பலருக்கு மனத்தில் எழும் காட்சி, மேடையில் பத்துப் பேர் திரையைப் பார்த்தபடி அமர்ந்திருக்க, முன்பே பதிவு செய்த இசை எங்கிருந்தோ ஓடிக்கொண்டிருப்பதுதான். இந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. தவிலின் மேல் கழி இறங்குவதையும் வயலினில் வில் திரும்புவதையும் நாம் கண்ணால் காண்கிறோம். கணினியின் முன் இருப்பவர் இசைக்கிறாரா, பரீட்சைப் பெறுபேறு பார்க்கிறாரா என்று சபைக்குத் தெரிவதில்லை. ஆகவே, யாழ்ப்பாணத்தில் இப்படியொரு குழுவைத் தொடங்க எண்ணும் மாணவர்களின் முன்னுள்ள தெரிவுகள் ஒவ்வொன்றையும், 'இந்த ஒலியை எழுப்பியவர் யார் என்று முதல் வரிசையில் இருப்பவர் கண்டுகொள்வாரா?' என்ற ஒரே கேள்வியை வைத்தே இங்கு எடைபோடுகிறேன்.

முதலாவதும் மிகப் பெரியதுமான தெரிவு ஒலிபெருக்கி பற்றியது. எல்லாக் கணினிகளின் ஒலியையும் ஒரு மிக்சரில் சேர்த்து மண்டபத்தின் இரு பெரிய பெட்டிகளால் வெளியிடுவது ஒரு வழி. ஒவ்வொருவர் அருகிலும் அவருக்கென்று ஒரு சிறிய ஒலிபெருக்கியை வைப்பது மற்றைய வழி. டான் ட்ரூமனும் பெரி குக்கும் 2005இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய குழு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொருவர் அருகிலும் இருந்தது, ஆறு திசைகளுக்கும் ஒலியை அனுப்பும் ஆறு சிறு ஸ்பீக்கர்கள் பொருத்திய அரைக்கோள வடிவப் பெட்டி. ஆதலால் ஒலி ஒரு வாத்தியத்திலிருந்து பரவுவதுபோல வாசிப்பவர் இருக்கும் இடத்திலிருந்தே பரவியது. கீ வாங் 2008இல் ஸ்டான்போர்டில் தொடங்கிய குழு, சலாது பரிமாறும் மரக்கிண்ணங்களைக் கவிழ்த்து அதே அமைப்பைச் செய்துகொண்டது.

மண்டப ஒலிபெருக்கியின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது, சத்தம் தாராளம், செலவு குறைவு. ஆனால் பத்துப் பேரின் ஒலியும் ஒரே வாயால் வரும்போது, கோயில் திருவிழாவில் நான்கு தெருக்களிலும் கட்டிய ஒலிபெருக்கிகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது பாட்டுப் போடுவதாகவே தோன்றும். இன்னொன்று மின்சாரம். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நாடு இது. மின்சாரம் நின்றால் மண்டப ஒலிபெருக்கியும் நிற்கும். மடிக்கணினிக்கோ தன் பற்றறி உண்டு, 12 வோல்ற் சிறு அம்ப்ளிஃபயரை மோட்டார் சைக்கிள் பற்றறியிலேயே இயக்கலாம். அரைக்கோளத்துக்கு மரக்கிண்ணம் தேடி அலையவும் வேண்டியதில்லை. அலுமினியத் தாச்சி (வாணலி) ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே பஞ்சோ தடித்த துணியோ ஒட்டி அதன் கிணுகிணுப்பை அடக்கி, அடியைப் பலகையால் இறுக மூடினால் போதும். ஆறு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஒலி வேண்டுமானால் யூஎஸ்பி வழியாகப் பல தடங்கள் தரும் மலிவான சவுண்ட் கார்ட் வேண்டும். முதல் நிகழ்ச்சிக்கு, நான்கு ஓம் ஸ்பீக்கர்களை மும்மூன்றாகத் தொடராக இணைத்து இரண்டு தடங்களில் ஓட்டுவதே போதுமானது. 12 ஓம் சுமை எந்த அம்ப்ளிஃபயரையும் வருத்தாது, சத்தம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். பணம் கொஞ்சமே இருந்தால், புதிய கணினிக்கு அல்ல, இதற்கே செலவிடுங்கள் என்பேன்.

ஒலியை உருவாக்கும் மென்பொருள்கள் பல இருந்தாலும், போட்டி உண்மையில் இரண்டுக்கிடையேதான். மாக்ஸ் அழகானது, ஆனால் விலை கொடுத்து வாங்கவேண்டியது. சூப்பர்கொலைடர் இலவசம், ஆற்றல் மிக்கது. எனினும் அதன் பிழைச் செய்திகளைக் கண்டு முதல் மாதத்திலேயே பாதிப் பேர் விலகிவிடுவார்கள் என்பது என் அச்சம். எஞ்சுபவை பியூர் டேட்டாவும் சக்கும். மில்லர் பக்கெட் 1990களில் உருவாக்கிய பியூர் டேட்டாவில் பெட்டிகளை வரைந்து கோடுகளால் இணைக்கிறோம். பழைய கணினியிலும் ஓடும், நிரல் எழுதியே அறியாத இசை மாணவர் ஒரே பிற்பகலில் ஒரு சுருதிப் பெட்டி செய்துவிடலாம். 2009இல் வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகத்தில், குறைந்த செலவில் லினக்ஸ் கணினிகளைக் கொண்டு தொடங்கிய குழுவும் இதன் ஒரு வடிவத்தையே கைக்கொண்டது. சக் கீ வாங்கும் பெரி குக்கும் உருவாக்கிய எழுத்து மொழி. அதில் நேரம் தானாக ஓடாது. இவ்வளவு நேரம் செல்லட்டும் என்று நிரலில் எழுதினால்தான் அடுத்த ஒலி பிறக்கும். ஓர் அட்சரத்தின் கால அளவைச் சொல்லிவிட்டு ஆதி தாளத்தின் எட்டையும் அதிலிருந்து கட்டுவது இதனால் மிக இயல்பாக வருகிறது. தாளம் போட்டுப் பழகியவருக்குச் சக், வரைபடமாகச் சிந்திப்பவருக்குப் பியூர் டேட்டா. ஒரே குழுவில் இரண்டும் இருக்கலாம். கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது. முதல் ஆண்டில் ஒன்றை மட்டும் தெரிவதானால் நான் பியூர் டேட்டாவின் பக்கம்.

எதைத் தெரிந்தாலும் சுரங்களை, கணினி இசையில் வழங்கும் மிடி எண்களாகத் தராமல், செக்கனுக்கு இத்தனை அதிர்வு என்று ஹேர்ட்ஸில் தருவது நல்லது. மிடியின் பன்னிரு சமபங்குச் சுரத்தானத்தில் அந்தர காந்தாரம், இயற்கைச் சுருதியின் 5/4 விகிதத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அந்தப் பன்னிரு பங்குகளில் ஒன்றின் நூறில் ஒரு கூறு) உயர்ந்து நிற்கும். தம்பூராவுடன் நீட்டிப் பிடிக்கும்போது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் இசை பயிலும் மருதனார்மடத்தில் படித்த காது அதை உடனே பிடித்துவிடும். கமகத்துக்கு விசைகளைவிட விரல் வழுக்கும் தொடுபலகையே தகும். பழைய மக்புக்குகளில் அசைவையும் சாய்வையும் உணரும் உணரி இருந்ததால் கணினியையே சாய்த்து வாசிக்கும் ஆக்கங்களும் எழுதப்பட்டன. இன்றைய கணினிகளில் அவற்றை அப்படியே வாசிக்க முடியாது.

எல்லோரும் ஒரே காலத்தில் இருப்பதற்கு வலையமைப்பை நம்புவதா, கையால் போடும் தாளத்தை நம்புவதா? வலையமைப்பென்றால் வைஃபை வேண்டாம்: சபையில் இருநூறு கைபேசிகள் இருக்கும் மண்டபத்தில் செய்திகள் தாமதித்தும் துள்ளியும் வரும். ஒரு சுவிட்சும் நீண்ட கேபிள்களும் இருந்தால் நிலைமை வேறு. ஆயினும் முதல் நிகழ்ச்சிக்கு, நடுவில் ஒருவர் அமர்ந்து தாளம் போடுவதையே விரும்புகிறேன். பிழைத்தாலும் தாளம் மீண்டும் தொடங்கும் அடுத்த சமத்தில் எல்லோரும் சேர்ந்துகொள்ளலாம், சபையும் அதைப் பார்க்கலாம். தப்லா மேதை சாகிர் உசைன் பிரின்ஸ்டன் குழுவுடன் வாசித்தவர் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. தனிக் கணினியின் தாமதம் வேறு விடயம்: செக்கனுக்கு 44,100 ஒலி மாதிரிகள் என்ற வேகத்தில், 512 மாதிரிகளைச் சேர்த்துவைத்து அனுப்பும் இடையகம் (பஃபர்) ஏறத்தாழ 11.6 மில்லிசெக்கன் தாமதம் தரும், ஒலி நான்கு மீற்றர் கடக்க எடுக்கும் நேரம் அது. விண்டோஸில், தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ (ASIO) வகை இயக்கி மென்பொருள் இல்லாவிட்டால் தாமதம் இதைவிடக் கூடி, விரலுக்கும் ஒலிக்கும் உறவு அறுந்துவிடும்.

ஆட்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கணினி மாணவர் மட்டும் சேர்ந்தால் கருவி நன்றாக இருக்கும், இசை இராது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் பாதியும் மருதனார்மடத்தில் பாதியுமாகச் சேர்ப்பதே சரி. கிளிநொச்சி பொறியியற் பீட நண்பர்கள் 60 கிலோமீற்றருக்கு மேல் பயணித்து வாராவாரம் ஒத்திகைக்கு வருவது கடினம்; தாச்சி ஸ்பீக்கர் செய்யும் வேலையை அவர்களிடம் கொடுக்கலாம்.

முதல் அரங்கேற்றத்துக்குப் பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கைக் கேட்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தாச்சி ஸ்பீக்கர்களின் சத்தம் அவ்வளவு பெரிய இடத்தை நிரப்பாது. நிரப்புவதற்காக மண்டப ஒலிபெருக்கியை நாடினால் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுவோம். ஒரு விரிவுரை மண்டபத்தில் கதிரைகளை விலக்கிப் பாய் விரித்து, வாசிப்பவர்களைச் சுற்றி அறுபது பேரை அமரவைத்து, அரைமணி நேரத்துக்கு மூன்று உருப்படிகள் வைத்துக்கொள்ளலாம். முதலாவது, ஒருவர் தொடங்கி ஒவ்வொருவராகச் சேரும் ஒரு நீண்ட சுருதியாக இருக்கட்டும். எந்தத் தாச்சி யாருடையது என்று சபை அதிலேயே பழகிக்கொள்ளும். அன்று காலை எல்லாக் கணினிகளிலும் தானியங்கி இற்றைப்படுத்தலையும் உறக்கநிலையையும் அறிவிப்பு ஒலிகளையும் நிறுத்திவைக்கும் பொறுப்பு ஒருவருக்கு இருக்கவேண்டும், அவர் அன்று வாசிக்கக்கூடாது.